மருதாணிச் செடிக்குக் கீழே என் லிங்க்

எங்கள் சுரங்க நகரியத்துக்காரர்களுக்கென்று இணையத்தில் ஒரு குழு இருக்கிறது. தண்ணீர் எப்போது வரும், எந்த பிளாக்கில் கரண்ட் இல்லை, ரிடையர் ஆகிப் போகிறவர் பீரோவை விற்கிறார், யாருக்கோ அவசரமாக ரத்தம் வேண்டும் என்று நாள் முழுக்க ஏதாவது ஓடிக்கொண்டிருக்கும். வேலையில் இருப்பவர்களும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு வெளியூர் போனவர்களும் அதில் இருக்கிறார்கள். மூன்று வருடமாக அங்கே நான் செய்துவந்த ஒரே திருப்பணி, என் வலைப்பூவின் லிங்க்கைப் போடுவதுதான்.

எனக்கு மைன்ஸில் கன்வேயர் பிரிவில் வேலை. ஷிப்ட் முடிந்து வந்து குளித்துவிட்டு, நகரிய வாழ்க்கையைப் பற்றி வாரம் ஒரு கட்டுரை எழுதுவேன். படிப்பவர் என்று பார்த்தால் என் மனைவி ஒருத்திதான், அதுவும் நான் எதிரில் உட்கார்ந்திருந்தால். பீரோ விற்கிறவருக்கு எழுபது பேர் பதில் போடுகிறார்கள், எனக்கு ஒருவர்கூட இல்லையே என்று வயிறு எரியும். எரிந்தது என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

குழுவின் அட்மின் மெயின் பஜாரில் கடை வைத்திருப்பவர். சொந்த லிங்க்கை ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் போடலாம் என்று அவர் ஒரு விதி வைத்திருந்தார். தனிப் பதிவாகப் போட்டால்தானே குற்றம்? அடுத்தவர் பதிவுக்குக் கீழே பதில்போலப் போட்டுவிட்டால் யார் என்ன கேட்பது? கரண்ட் போய்விட்டது என்று ஒருவர் புலம்பினால், இருட்டில் தெருவே வெளியே வந்து அரட்டையடித்த காலத்தைப் பற்றிய என் கட்டுரை அங்கே போய் நிற்கும். கேஸ் சிலிண்டர் வரவில்லை என்றால் கரி அடுப்பைப் பற்றிய கட்டுரை. பதிவை முழுதாகப் படிக்க வேண்டியதே இல்லை, ஒரு சொல் கண்ணில் பட்டால் போதும். 'லிங்க் சார்' என்று எனக்குப் பெயரே வைத்துவிட்டார்கள். கேலி என்று தெரிந்தும் உள்ளூர எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்தான்.

அப்படியிருக்கும்போதுதான் ஒரு பெண் குழுவில் நாலு வரி எழுதியிருந்தார். அப்பா ரிடையர் ஆகி குவார்ட்டர்ஸ் சாவியைக் கொடுத்துவிட்டார், தான் வெளியூரில் இருந்ததால் வர முடியவில்லை. பின்பக்கம் அம்மா வைத்த மருதாணிச் செடி நிற்கிறது, அம்மா இப்போது இல்லை. அந்த வீடு யாருக்கு அலாட் ஆகிறதோ அவர் செடியை எடுப்பதற்கு முன் ஒரு வார்த்தை சொன்னால், வந்து ஒரே ஒரு குச்சி வெட்டிக்கொள்கிறேன் என்று. பிளாக், தெரு, வீட்டு எண் எல்லாம் அதில் இருந்தன.

இதெல்லாம் நான் பிறகு படித்தது. அன்று கேன்டீனில் டீயும் கையுமாக இருந்த என் கண்ணில் பட்டவை 'குவார்ட்டர்ஸ்', 'சாவி' என்ற இரண்டு சொற்கள்தான். சாவியை ஒப்படைத்துவிட்டுப் போகிறவர்களைப் பற்றி நான் ஒரு கட்டுரை எழுதியிருந்தேன். "இதைப் பற்றி உருக்கமாக எழுதியிருக்கிறேன், அவசியம் படிக்கவும்" என்று லிங்க்கை ஒட்டிவிட்டு டீயைக் குடித்தேன். அந்த வீட்டின் அலாட்மென்ட் ஆர்டர் அப்போது என் சட்டைப் பையில் இருந்தது.

"ஆரம்பிச்சிட்டாருய்யா" என்றார் ஒருவர். இன்னொருவர் அட்மினைக் கூப்பிட்டார். நான் விடுவேனா? "சம்பந்தம் இல்லாமலா போட்டேன்? படிச்சுப் பார்த்துட்டுப் பேசுங்க" என்று எழுதினேன். எனக்காக ரெண்டு பேர் வந்தார்கள், எதிராக இருபது பேர் வந்தார்கள். சாயங்காலத்துக்குள் செடியை எல்லோரும் மறந்துபோனார்கள். மறுநாள் அட்மின் அந்தப் பதிவில் இனி யாரும் பதில் போட முடியாதபடி மூடிவிட்டார். சண்டையைப் பார்த்து வந்தவர்களால் என் கட்டுரைக்கு என்றைக்கும் இல்லாத கூட்டம். ஜெயித்துவிட்டதாகத்தான் நினைத்தேன்.

எங்கள் ஊரில் புது குவார்ட்டர்ஸுக்குக் குடிபோகிறவர்கள் பால் காய்ச்சுவதற்கு முன்பே பின்பக்கத்தை வழித்துவிடுவார்கள். மாவும் பலாவும் தப்பிக்கும், அவற்றை வெட்ட ஆபீஸ் அனுமதி வேண்டும். முன்பு இருந்தவர் வைத்த மற்றதெல்லாம் போய்விடும். பிறகு நாம் நம் செடிகளை வைப்போம், அடுத்து வருகிறவர் வழிப்பதற்காக. நானும் ஆள் விட்டு எடுத்தேன். மருதாணி நின்ற இடத்தில் சிமென்ட் தளம் போட்டு வண்டிக்கு ஷெட் இறக்கினேன்.

ரம்ஜானுக்குச் சில நாள் இருக்கும்போது, முதல் ஷிப்ட் முடிந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கேட்டில் முக்காடு போட்ட ஒரு பெண் நின்றார். "முன்ன நாங்க இருந்த வூடுங்க இது. பின்னாடி ஒரு மருதாணி இருந்திச்சி. ஒரு குச்சி மட்டும் ஒடச்சிக்கினு போயிடறேன்" என்றார்.

என் மனைவி அவரைப் பின்பக்கம் அழைத்துப்போனாள். சிமென்ட் தளத்தைப் பார்த்துவிட்டு அவர், "குரூப்லகூட கேட்டிருந்தேங்க்கா. அங்க எதுக்கோ சண்டை போட்டுகினு இருந்தாங்க. அதோட பாக்கறத வுட்டுட்டேன்" என்றார்.

"எங்க வீட்டுக்காரரும் அந்த குரூப்லதான் இருக்காரு. கட்டுரையெல்லாம் எழுதுவாரு" என்றாள் மனைவி, பெருமையாகவே. மூன்று வருடமாக அவளிடம் நான் எதிர்பார்த்த பெருமை அது. வந்த நேரத்தைப் பாருங்கள்.

கூசிப்போய்விட்டேன். கை கழுவிவிட்டு போனை எடுத்தேன். லிங்க்கை அழித்துவிடலாம் என்ற திருட்டு எண்ணம்தான் முதலில் வந்தது. தேடிப் பிடித்ததும் அந்த நாலு வரியை முதல் தடவையாகப் படித்தேன். என் வீட்டு எண். கீழே நான் பேசிய பேச்சு, மற்றவர்கள் பேசிய பேச்சு, திரும்பவும் நான். தள்ளிக்கொண்டே போனேன். எல்லாவற்றுக்கும் கடைசியில் அடுத்த பிளாக்கில் இருக்கும் ஒரு அம்மா எழுதியிருந்தார்: "உங்க அம்மா குடுத்த குச்சிதாம்மா எங்க வீட்ல மரமா நிக்குது. எப்ப வேணாலும் வந்து எடுத்துக்க." வீட்டு எண்ணும் போட்டிருந்தார். அதற்கு யாரும் பதில் சொல்லியிருக்கவில்லை.

போனை அப்படியே அந்தப் பெண்ணிடம் நீட்டினேன். "மன்னிச்சிடுங்கம்மா. அந்தச் சண்டை என்னாலதான். வீடு அலாட் ஆனதும் எனக்குத்தான். நீங்க எழுதினத நான் படிக்கவே இல்ல" என்றேன்.

அவர் அந்தக் கடைசி பதிலை மட்டும் இரண்டு தடவை படித்தார். மனைவி ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள். போகும்போது என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதற்கு இரண்டு வார்த்தை திட்டியிருக்கலாம்.

அரைமணி நேரத்தில் இருவரும் திரும்பி வந்தார்கள். ஈரத்துணியில் சுற்றிய குச்சிகள் அந்தப் பெண்ணின் கையில் இருந்தன. அதில் ஒன்றை உருவி, "ஷெட்டுக்குப் பக்கத்துல வெச்சிக்குங்கக்கா" என்று என் மனைவியிடம் கொடுத்தார். கேட்டைத் தாண்டியவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"உங்க கட்டுரைய அன்னிக்கே படிச்சேன் சார். கடைசி வரைக்கும் படிச்சேன். சாவிய குடுத்த அன்னிக்கி எங்கப்பாவும் அப்படித்தான் இந்த கேட்டையே திரும்பித் திரும்பிப் பாத்துகினு போனாராம். நல்லா எழுதியிருந்தீங்க."

என் கட்டுரை ஐந்து பக்கம் வரும். அவர் எழுதியிருந்தது நாலு வரி.