சௌந்தரத்தின் கடைக்கு நான் எழுதிய நட்டம்

என் மனைவியின் கடை நட்டத்தில் ஓடவில்லை. ஓடுகிறது என்று நான் சொன்னேன். அவள் நம்பினாள். கடையை மூடினாள்.

அவள் இறந்து ஓராண்டு நிறையப் போகிறது. இதை அவளிடம் சொல்லியிருக்க வேண்டும், உங்களிடம் சொல்கிறேன். முகம் தெரியாதவர்களிடம் உண்மை பேசுவது எளிது... கோழைகளுக்கு அது நன்றாகத் தெரியும்.

நான் வணிகவியல் பேராசிரியனாக இருந்தவன். அடக்கவிலையும் இலாப விகிதமும் எத்தனையோ பேருக்குக் கற்பித்தவன். ஆகவே, தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளும் வழிகூட எனக்கு இல்லை.

நான் ஓய்வு பெற்ற பின், கூடலூரில் சாலையைப் பார்த்த எங்கள் வீட்டின் முன்னறையில் சௌந்தரம் கடை வைத்தாள். ஏலக்காய், மிளகு, கிராம்பு, தேயிலை. தேக்கடிக்கு மலையேறும் சுற்றுலா வண்டிகள் எங்கள் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். என் பணிக்கொடையிலிருந்து முதல் கொடுத்தேன். பொழுதுபோக்கு என்று நினைத்துக் கொடுத்தேன்.

இத்தகைய கடையைக் கொல்வது வாடகையோ மின்கட்டணமோ அல்ல, ஓட்டுநரின் கமிஷன். எந்தக் கடையில் வண்டி நிற்கும் என்பதைத் தீர்மானிப்பவர் பயணி அல்லர். பெரிய கடைகள் ஓட்டுநருக்கு ஒரு பங்கைக் கொடுத்துவிட்டு, அதை விலையில் ஏற்றிப் பயணியிடமே வாங்கிக்கொள்ளும். சிறிய கடை கமிஷன் கொடுத்தால் இலாபம் போகும். கொடுக்காவிட்டால் வண்டி நிற்காமல் போகும்.

சௌந்தரம் கமிஷன் கொடுக்கவில்லை. சோறு போட்டாள்.

முன்னறையில் பயணிகள் ஏலக்காயை முகர்ந்துகொண்டிருக்க, பின்கட்டில் ஓட்டுநர்கள் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். ஓட்டல் சோற்றில் வயிறு கெட்டுப்போனவர்கள். உத்தமபாளையத்து வேன் ஓட்டுநர் சிக்கந்தரை அவள் விரட்டுவது இன்னும் என் காதில் இருக்கிறது.

“ஏலே சிக்கந்தரு, மூணாவது தடவ சோறு வாங்குற! வண்டியில ஆளு ஏத்திட்டு வந்தியா, வெறும் வயித்த ஏத்திட்டு வந்தியா?”

“ரெண்டுந்தேன்க்கா! வந்தவுகளுக்கு ஏலக்கா, எனக்குக் கருவாட்டுக் குழம்பு. இன்னொரு கரண்டி ஊத்துங்க.”

வண்டிகள் நின்றன. கடை ஓடியது. நன்றாகவே ஓடியது!

அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஒரு நாள் காரிலிருந்து இறங்கியவன் என் பழைய மாணவன். குடும்பத்துடன் வந்திருந்தான். நான் தராசருகே நின்றிருந்தேன். “என்னங்க, இவுகளுக்கு அரைக் கிலோ நிறுத்துக் குடுங்க” என்றாள் சௌந்தரம், என்னைத் திரும்பிப் பாராமலே. அவன் சிரித்தான். “சார், பாடத்துல சொன்னத இப்பக் கடையில செஞ்சு காட்டுறீங்களா?” அன்பாகத்தான் கேட்டான். ஓட்டுநர்களிடையே அதற்குள் நான் ‘அக்கா வீட்டுக்காரர்’ ஆகியிருந்தேன். எனக்கென்று ஒரு பெயர் இருந்ததை அவர்களில் யார் அறிவார்?

அன்று மாலையே, கடைக் கணக்கை நான் பார்த்துத் தருகிறேன் என்றேன். அவள் முகம் மலர்ந்தது... கடைசியில் கடையை நான் மதிக்கத் தொடங்கிவிட்டேன் என்று நினைத்தாள்.

என்ன செய்தேன் தெரியுமா? சொந்த வீட்டின் முன்னறைக்கு வாடகை போட்டேன். முதலுக்கு வட்டி போட்டேன். அவள் உழைப்புக்கு, அவளுக்கு யாரும் கொடுத்திராத கூலியைப் போட்டேன். மலையில் மழை பிடித்து வண்டிகள் குறைந்த ஆனியையும் ஆடியையும் அளவாகக் கொண்டேன். கார்த்திகையிலும் மார்கழியிலும் ஐயப்ப பக்தர்கள் வாங்கிக் குவித்ததைத் ‘தற்செயல் வருவாய்’ என்று ஒதுக்கினேன். நீங்கள் வணிகவியல் படித்தவரானால், இவற்றில் பாதிக்கு நியாயம் சொல்ல முடியும் என்பீர்கள். முடியும். அதனால்தான் அவற்றைத் தேர்ந்தெடுத்தேன்.

அத்தனைக்குப் பிறகும் நட்டம் வரவில்லை!

எனவே அடுப்படிக்குப் போனேன். வீட்டில் வெந்த அரிசி, பருப்பு, கருவாடு, எரிவாயு அனைத்தையும் ஓட்டுநர் செலவென்று கடையின் தலையில் ஏற்றினேன். அதே உலையில் வெந்த சோற்றைத்தான் நானும் மூன்று வேளையும் தின்றுகொண்டிருந்தேன். என் வயிற்றையும் அவள் கடையின் செலவில் எழுதினேன். அப்போதுதான் நட்டம் வந்தது.

கணக்கை அவள் முன் விரித்து வைத்தேன்.

“வாரவுக எல்லாரும் வாங்கிட்டுத்தானங்க போறாக... பெறகு எப்புடி நட்டம்?”

“வருவாய் வேறு, இலாபம் வேறு, சௌந்தரம்.” வகுப்பறைக் குரலில் சொன்னேன். அக்குரலை எதிர்த்து அவள் ஒருநாளும் பேசியதில்லை.

தை முடியுமுன் கடை மூடப்பட்டது. சில வாரங்கள் வண்டிகள் வாசலில் வேகம் தணிந்து ஒலியெழுப்பிப் போயின. அவள் எழுந்து போய் நிற்பாள். “கட இல்லப்பா” என்பாள். பிறகு வண்டிகளும் வேகம் தணிக்கவில்லை, அவளும் எழவில்லை.

நான் எதிர்பார்த்தது என்ன? அவள் என்னருகே உட்கார்ந்திருப்பாள் என்றா? உட்கார்ந்திருந்தாள். கரைத்துவிட்ட காசை மீட்பவளைப் போலச் சிக்கனம் பிடித்தாள். பூ வாங்குவதை விட்டாள். வயிற்றில் வலி வந்தபோது, “ஏற்கெனவே ஒங்க காசக் கரைச்சாச்சு. ஸ்கேன் வேற எதுக்கு? மாத்திரையிலயே சரியாப் போகும்” என்றாள். வற்புறுத்தினேன்... போதுமான அளவுக்கு அல்ல. காசு கரையவே இல்லை என்பதைச் சொல்லாமல் எப்படி வற்புறுத்துவது?

தேனி மருத்துவமனையில் படுக்க வைத்தபோது எல்லாம் முற்றியிருந்தது. ஒரு பிற்பகல், செவிலி வெளியே போனதும் என் கையைப் பிடித்தாள்.

“மனசுல ஒண்ணும் வச்சுக்கிறாதீக. கட, கடன்னு ஆடி, ஒங்க பணத்தத் தொலச்சுட்டேன். மன்னிச்சேன்னு ஒரு வார்த்த சொல்லுங்க.”

சொல்லியிருக்கலாம். அறையில் வேறு யாரும் இல்லை. அவளுக்கு நினைவு தெளிவாக இருந்தது. ஒரே வாக்கியம் போதும்: உன் கடை ஓடியது, சௌந்தரம். வாய் திறந்தேன்... அவள் முகத்தை அந்த வாக்கியம் என்ன செய்யும் என்று பார்க்க அஞ்சினேன். இல்லை, அதுவும் பொய். என் முகத்தை அவள் எப்படிப் பார்ப்பாள் என்றுதான் அஞ்சினேன்.

“மன்னித்துவிட்டேன்” என்றேன்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். எவ்வளவு நிம்மதி அந்த முகத்தில்! மூன்றாம் நாள் போய்விட்டாள்.

சென்ற வாரம் சென்னையிலிருந்து மகன் பேசினான். “முன்னறையச் சும்மா ஏம்ப்பா பூட்டிப் போட்டிருக்கீங்க? கடைக்கு விடுங்க. ஆனா அம்மா மாதிரி சோறு போட்டே கடையக் கவுக்குற ஆளாப் பாத்து விட்றாதீங்க.” சொல்லிவிட்டுச் சிரித்தான்.

சரி என்றேன்.