ஸ்டியரிங் தேடும் கைகள்

"டுர்ர்ர்ர்… எறங்குறேன்… எறங்குறேன்… தொட்டாச்சி!" உள்ளறையிலிருந்து விமானச் சத்தம். தொடர்ந்து கடக், கடக் என்று பலகை இடிபடும் ஓசை. பிறகு ஓர் அலறல்: "அய்யோ, திரும்பவும் கையி!"

"காலையிலேர்ந்து நம்ம வூட்டுல ப்ளேனு எறங்கிகினே இருக்குதுக்கா" என்றபடி எனக்குக் காபி ஆற்றினார் ஜெயம்.

கிளியனூரில் மல்லாட்டை என்னும் நிலக்கடலை பயிரிடும் குடும்பம். மகள் வெண்ணிலா வெளியூரில் விமானம் ஓட்டப் பழகுகிறாள். போன வாரம் அவள் தனியாக ஓட்டிய சிறு விமானம், இறங்கிய வேகத்தில் ஓடுபாதையை விட்டுப் புல்லுக்குள் பாய்ந்து, மூக்கை மண்ணில் ஊன்றி நின்றது. அவள் மேல் ஒரு கீறல்கூட இல்லை. ஜெயத்தின் பழைய சிநேகிதி நான்தான், செய்தி கேட்டுக் கைக்குட்டையோடு திண்டிவனத்திலிருந்து ஓடி வந்திருந்தேன்.

உள்ளே எட்டிப் பார்த்தேன். பிளாஸ்டிக் நாற்காலியில் வெண்ணிலா. இரண்டு கைகளும் துப்பட்டாவால் மடியோடு கட்டப்பட்டிருந்தன. காலடியில், விமானத்தின் கால்மிதிக்குப் பதிலாக, நடுவில் ஆணியடித்த ஒரு பலகை. ஒரு காலை அழுத்தினால் மறுமுனை பின்னால் வரும். அப்பா சக்கரபாணியின் கைவேலை.

"வாங்க ஆன்ட்டி, பெல்ட்டு போட்டுக்குங்க!"

என்னதான் நடந்தது என்று கேட்டேன்.

"எல்லாம் எங்கப்பா டிராக்டர் பண்ண வேலை! சின்ன வயசுலேர்ந்து ஸ்டியரிங் புடிச்சிகினு வளந்தவ நானு. தரையில ஓடுறப்ப ப்ளேனு கைக்குத் திரும்பாது, காலுக்குத்தான் திரும்பும். அது எடது பக்கமா இழுத்துச்சி. வரப்புல ஏறப்போற டிராக்டரை ஒடிக்கிற மாதிரி வலது பக்கமா ஒடிச்சேன் பாருங்க, அப்படி ஒடிச்சேன்! அது எனக்கென்னான்னு போய்க்கினே இருந்துச்சி. ஓட்டச் சொல்லிக் குடுக்குற சாரு ஓடியாந்து, 'உழவு முடிஞ்சுதாம்மா?'ன்றாரு."

வயிறு குலுங்கச் சிரித்தாள்.

"என் டிராக்டரு இதுவரைக்கும் ரோட்டை வுட்டு எறங்குனதில்ல" என்றார் வாசலிலிருந்து சக்கரபாணி.

"ரோட்டுல ஏறுனாத்தானேப்பா எறங்கும்!"

பேருந்திலும் இவளுக்கு ஓய்வில்லையாம். ஓட்டுநர் வளைவில் திருப்பும்போதெல்லாம் இவள் கால் முன் இருக்கையை உதைக்க, அங்கே உட்கார்ந்திருந்தவர் எழுந்து, "இன்னாம்மா பேஜாரு பண்றே?" என்று சண்டைக்கு வந்தாராம். "சாரிண்ணா, வண்டி திரும்புதுல்ல" என்றாளாம் இவள்.

ஜெயம் மகளின் வாயில் காபியைச் சாய்த்தார். "வானத்துல பறக்குற பொண்ணுக்கு ஊட்டிவுட்டுகினு உக்காந்திருக்கேன்."

"நாளைக்கு சாரு பக்கத்துலயே உக்காந்து பாப்பாரு ஆன்ட்டி. இன்னொரு தபா கை ஸ்டியரிங் தேடுச்சின்னா, பொட்டியக் கட்டிகினு வூட்டுக்குப் போயிடுன்னுட்டாரு."

அந்த ஒரு பேச்சுக்கு மட்டும் அவள் சிரிக்கவில்லை. கட்டுண்ட கைகள் துப்பட்டாவுக்குள் தாமாகவே வலப்பக்கம் முறுக்கிக்கொண்டன. ஆறு வயதில் பழகிய கை, அதற்கு என்ன தெரியும்! கைக்குட்டையைத் தேடினேன். அதற்குள் "டுர்ர்ர்ர்" என்று அடுத்த விமானம் கிளம்பிவிட்டது.

மாலை ரயிலுக்கு அவள் கிளம்ப வேண்டும். நான் விடைபெற்றேன். கட்டை அவிழ்த்துக்கொண்டு வாசல்வரை வந்தாள்.

"போயிட்டு வாங்க ஆன்ட்டி" என்று கைகூப்பினாள். அந்த நேரம் பார்த்து வீசிய காற்றில் கதவு படாரென்று அவளை நோக்கி வந்தது.

கூப்பிய கை கூப்பியபடியே இருந்தது. இடது கால் மட்டும் நழுவி நீண்டு கதவைத் தாங்கியது.

"வந்தவங்க மூஞ்சிக்கு நேரா காலால சாத்துறியேடி!" என்று உள்ளேயிருந்து ஜெயம் கத்தினார்.

வெண்ணிலா தன் காலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். வாயெல்லாம் பல்லாக, கும்பிட்ட கையை இறக்காமல், காலாலேயே கதவை மெல்ல நகர்த்திச் சத்தமில்லாமல் சாத்தினாள்.