எகிப்து எந்தப் பக்கம்?

எங்கள் திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி வேலைக்குப் போகிறவர்கள் வீடுகளில் உலகத்தை மூன்றாகத்தான் பிரித்து வைத்திருக்கிறோம். நம்ம பக்கம், வடக்கே, ஆப்பிரிக்கா. கர்நாடகம் தாண்டினால் எல்லாம் வடக்கே. கடல் தாண்டி போர் போடப் போனால் எல்லாம் ஆப்பிரிக்கா. ஐந்தாவதோடு படிப்பை விட்ட எனக்கு இதுவே போதுமாக இருந்தது.

என் மகன் ரிக்கில் டிரில்லர். வடக்கே போனபோது ரொட்டியும் கடுகெண்ணெயும் ஒத்துக்கொள்ளாமல் பாதி வேலையில் திரும்பிவிட்டான். ஆளும் பாதியாகத்தான் வந்தான். பிறகு தான்சானியா போனான். அங்கே மக்காச்சோள மாவில் களி கிண்டுகிறார்களாம். வேலை முடியும்வரை இருந்து, கன்னம் உப்பி வந்து சேர்ந்தான்.

இந்தத் தடவை முதலாளி எகிப்து என்றார். பாதியில் திரும்பினால் இனி வண்டியில் இடமில்லை என்றும் சொல்லிவிட்டார். அதுவும் ஆப்பிரிக்காதான் என்று மருமகள் போனில் படம் காட்டினாள். அப்படியானால் களி உண்டு என்று நினைத்துக்கொண்டேன்.

இருந்தாலும் மனசு கேட்கவில்லை. கடைவீதியில் துணிக்கடை வைத்திருக்கும் பாய் வீட்டம்மாவின் தம்பி அரபு நாடுகளில் வெகுகாலம் இருந்தவர். சும்மா போய் நின்று கேட்க எனக்கு வாய் வராது. அதனால் பாவாடை நாடா வாங்கினேன். அதை நீட்டிப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டே, எகிப்தில் களி கிடைக்குமா என்று அந்த அம்மாவிடம் மெதுவாகக் கேட்டேன். தம்பி சொல்லக் கேட்டதை அவர் சொன்னார்.

"மேப்புல ஆப்பிரிக்காதானுங்கக்கா. ஆனா பேச்சு, சாப்பாடு, விசேசம் எல்லாம் அரபுக்காரங்க பக்கம். ரொட்டிதான். களிக்கு எங்க போறது?"

ஒரே நாடு எப்படி இரண்டு பக்கமும் இருக்கும்? பஸ்ஸுக்கு நின்றபோதுதான் புரிந்தது. நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் எங்கள் ஊர் சேலம் ஜில்லா. இப்போது நாமக்கல். பெண் கொடுத்ததும் எடுத்ததுமோ ஈரோட்டுப் பக்கம். ஆபீசுக்கு ஒரு கணக்கு, சம்பந்தத்துக்கு ஒரு கணக்கு. எகிப்துக்கும் அப்படித்தான் போலிருக்கிறது.

புரிந்து என்ன பயன்? மகன் பெட்டியில் இருந்த சட்டைகளை எடுத்துவிட்டு ராகி மாவைத் திணித்தேன். மாவையா உடுத்திக்கொண்டு போர் போடுவார் என்று மருமகள் கேட்டாள். நான் இன்னும் கொஞ்சம் திணித்தேன்.

போனபிறகு சாப்பாட்டைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டால் கிளம்பி வந்துவிடுவானோ என்று பயம். ஒரு நாள் போனில் அவனாகவே ஆரம்பித்தான்.

"இங்க காலைல தள்ளுவண்டியில நம்ம மொச்சையாட்டம் ஒண்ணு விக்கறாங்கம்மா. மசிச்சு, எண்ணெய் ஊத்தி, எலுமிச்சம்பழம் புழிஞ்சு, ரொட்டிக்குள்ள வெச்சுத் தர்றாங்க. தெனமும் எனக்கு அதுதான்."

"வயிறு ஏத்துக்குதா சாமி?"

"ஏத்துக்குது. தீவாளிக்கு வரலைம்மா. வேலையை முடிச்சுட்டே வாரேன்."

ராகி மாவு என்னாயிற்று என்று கேட்டேன். அந்த ஊர் டிரைவருக்குக் களி கிண்டிக் கொடுத்தானாம். ஒரு வாய்க்குமேல் அவருக்கு இறங்கவில்லையாம்.

பாதியில் வரக்கூடாது என்று மலைக்கோயிலுக்கு வேண்டிக்கொண்டவள் நான்தான். வரவில்லை என்று அவன் சொன்னதும் கொஞ்சம் கோபம் வந்தது. அன்றைக்கு எங்கள் வீட்டில் மொச்சைக் குழம்பு. மருமகள் இரண்டாம் தடவை ஊற்றிக்கொண்டாள்.

மறுநாள் துணிக்கடைக்குப் போனேன். நாடா வேண்டும் என்று வாயெடுத்தேன்.

"நாடா கெடக்கட்டுங்கக்கா," என்றார் பாய் வீட்டம்மா. "உங்க பையன் சாப்புடறானா, அதைச் சொல்லுங்க."