இன்று யாருக்குப் பாடு?

கம்ப்யூட்டரில் ப்ரோகிராம் எழுதும் வேலைக்குப் போக வேண்டும் என்று என் மகளுக்கு ஆசை. பன்னிரண்டாவதில் அவள் படித்ததோ வணிகவியல் பிரிவு. "கணக்கு எடுக்காத பொண்ணுக்கு அந்த சீட்டு கெடைக்காதுபா" என்று படகுத்துறையில் ஆளாளுக்குச் சொன்னார்கள். நான் ஐந்தாவதோடு நின்றவன். எல்லோருக்கும் தலையாட்டினேன்.

"தலையாட்னது போதும் நைனா, வா, நேர்லயே போய்க் கேக்கலாம்" என்று மகள் இழுத்துப் போனாள். இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போனாலும் கண்டக்டரிடம் சொல்லக் கூச்சப்படுகிறவன் நான்.

பொன்னேரிப் பக்கம் ஒரு கல்லூரி. துறைத் தலைவி மார்க் ஷீட்டைப் பார்த்தார். "கம்ப்யூட்டர் பாடம் படிச்சிருக்கே, அது போதும். மூணு வருஷப் படிப்பு. கணக்கு முதல்ல கஷ்டமா இருக்கும், உக்காந்து போடணும். இங்கிலீஷ்ல படிச்சா புரியணும். எல்லாத்தையும் விட, ஒரு வேலையைப் படிப்படியா பிரிச்சுச் சொல்லத் தெரியணும். அது வந்தாதான் சேத்துப்பேன். எங்க, உங்க ஊர்ல நடக்கற ஏதாவது ஒண்ணைச் சொல்லு."

மகள் யோசிக்கவே இல்லை. "எங்க ஏரில எறால் புடிக்கிற எடத்துக்கு எல்லாரும் ஒண்ணா போவ முடியாது மேடம். மூணு கூட்டம். ஒரு நாளைக்கு ஒரு கூட்டம், மூணும் முடிஞ்சா மறுபடி மொதல்லேர்ந்து. அந்த முறைக்குப் பேர்தான் பாடு. நேத்து யார் போனாங்கன்னு தெரிஞ்சா, இன்னிக்கு யாருன்னு சொல்லிடலாம்."

மேடம் தலையசைத்தார். நான் பேசாமல் இருந்திருக்கலாம். அதுவரை இருந்தேன்தான்.

"ஊர்ல சாவு விழுந்தா?" என்று வாயில் வந்துவிட்டது. "அன்னிக்கு யாரும் ஏரில எறங்க மாட்டமே."

"நைனா! நல்ல நேரத்துல இன்னாத்துக்கு சாவு?" என்று மகள் முறைத்தாள்.

மேடம் சிரித்தார். ஆனால் விடவில்லை. "அப்பா கேட்டதுக்குப் பதில் சொல்லும்மா."

கிடைக்க இருந்த சீட்டை நானே தண்ணீரில் தள்ளிவிட்டேனோ என்று தோன்றியது. மகள் நகத்தைக் கடித்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"நேத்து யாருன்னு கேட்டது தப்பு மேடம். நேத்து யாருமே போவலன்னா மாட்டிக்குவோம். கடைசியா யார் போனாங்கன்னு கேக்கணும். அதுக்கு முன்னாடி, இன்னிக்கு சாவு இருக்கான்னு கேக்கணும். இருந்தா எல்லாரும் கரையிலதான். முறை மட்டும் நகரக் கூடாது."

"திங்கட்கிழமை டிசி எடுத்துட்டு வந்து சேந்துடு" என்றார் மேடம்.

திரும்பும்போது பஸ்ஸில் அவள் விரல் விட்டு எதையோ எண்ணிக்கொண்டே வந்தாள். திருப்பாலைவனம் தாண்டிய பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"வேற இன்னா இன்னா நடந்தா பாடு நிக்கும்?"

கல்யாணம், திருவிழா, புயல் எச்சரிக்கை, கூட்டத்துக்குள்ளேயே சண்டை என்று நான் அடுக்கிக்கொண்டே போனேன்.

"போதும் நைனா" என்றாள். "மொதல்ல நான் சேந்துக்கறேன்."