'ஊடு' என்று பெயரிட்ட இணைப்பு

எங்கள் பல்கலைக்கழக வளாகத்தில் வைஃபையைப் புதுப்பிக்கும் வேலை போன கோடை விடுமுறையில் நடந்தது. பழைய கருவிகளைக் கழற்றும் முன்பு ஒவ்வொன்றிலும் யார் யார் இணைந்திருக்கிறார்கள் என்று பார்த்துக் குறித்துக்கொள்வது என் பொறுப்பு. மாணவர்கள் ஊருக்குப் போயிருந்ததால் பட்டியல்கள் பெரும்பாலும் காலியாகவே இருந்தன. விடுதி மொட்டை மாடியில் இருந்த கருவி மட்டும் ஓயாமல் வேலை செய்துகொண்டிருந்தது. அதற்கு இட்டிருந்த பெயர் 'ஊடு'. வீட்டை அப்படிச் சொல்பவர் எங்கள் அறையில் ஒருவர்தான்.

யார் வைத்த பெயர் என்று உடனே தெரிந்துவிட்டது. நான் அண்ணா என்று கூப்பிட்ட, என்னோடு ஒரே அறையில் வேலை பார்த்த மனிதர். இரண்டு வருடங்களுக்கு முன்பு நெருப்பெரிச்சல் ரோட்டில் பைக்கில் வரும்போது லாரி மோதி இறந்துபோனார். அவருடைய வீடு எங்கள் பின்பக்கச் சுவரைத் தாண்டி, பனியன் துணி பின்னும் நிட்டிங் கம்பெனிகள் இருக்கும் சந்தில். யாரிடமும் கேட்காமல் ஒரு கருவியைத் தன் வீட்டைப் பார்த்துத் திருப்பி வைத்திருக்கிறார்.

அவர் வீட்டிலிருந்து வரும் டேட்டா எங்கே போகிறது என்று தேடினேன். அது எங்கள் அறைக்கே வந்துகொண்டிருந்தது. மூலையில் அவருடைய மேசைக்கு அடியில் இருந்த கம்ப்யூட்டருக்கு. 'அணைக்க வேண்டாம்' என்று அவர் எழுதி ஒட்டியிருந்ததால், ஏதோ முக்கியமான சர்வர் என்று நினைத்து நாங்கள் யாரும் அதைத் தொட்டதில்லை. திரை மட்டும் அணைந்திருந்தது. அதைப் போட்டேன்.

ஒரு சின்ன அறை. கட்டிலில் ஒரு வயதானவர் தலையணையில் சாய்ந்து படுத்திருந்தார். நேராக என்னைப் பார்த்தார். உதடுகள் அசைந்தன. ஸ்பீக்கரைத் திருகினேன்.

"மழ வர்றாப்பல இருக்குது கண்ணு. வண்டிய மெதுவா ஓட்டீட்டு வா."

திரையை அணைத்துவிட்டேன்.

அண்ணாவின் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது என்பது எனக்குத் தெரியும். அண்ணாவின் மனைவி பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போகிறவர். பகலில் வீட்டில் யாரும் இல்லாததால் கேமரா வைத்து, இங்கே உட்கார்ந்தபடியே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். மனுஷன் வேலை நேரத்தில் ஏதோ படம் பார்க்கிறார் என்று அப்போது நான் எரிச்சல்பட்டதுண்டு.

அன்றைக்கே அந்த வீட்டுக்குப் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். போகவில்லை. மூன்று நாட்கள் திரையைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்துக் கம்பெனியில் மெஷின் சத்தம் நின்றால், கரண்ட் போய்விட்டது என்று மகனுக்குச் சொல்வார். பருப்பில் உப்பு இல்லை என்பார். ஒருநாள் மதியம், "சாப்டியா கண்ணு?" என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தார். ஒருவர் பதில் சொல்ல எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம். பிறகு, "செரி" என்றார்.

என் முன்னால் டிபன் பாக்ஸ் திறந்திருந்தது. "சாப்பிட்டுக்கிட்டே இருக்கேன் தாத்தா" என்று என்னையறியாமல் சொல்லிவிட்டேன். அவருக்குக் கேட்க வழியே இல்லை. ஆளில்லாத அறையில் என் குரலைக் கேட்டு நான்தான் பயந்துபோனேன்.

நான்காம் நாள் வந்தது. அடுத்த நாள் பழைய கருவிகளை எல்லாம் நிறுத்தியாக வேண்டும். மதிய இடைவேளையில் மருமகள் வீட்டுக்கு வந்து மாமனாருக்குச் சோறு ஊட்டுவார் என்பதைத் திரையில் பார்த்திருந்தேன். அந்த நேரத்துக்குப் போனேன். சமையலறையில் வைத்து மருமகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தட்டைக் கீழே வைத்தார்.

"அது இன்னும் ஓடுதுங்களா? அவிய போனதோட நின்னுருக்கும், சும்மா லைட்டு மட்டும் எரியுதுன்னு நெனச்சனுங்க."

மாமனாருக்குத் தெரியாதா, மகன் உயிரோடு இருப்பதாக நினைத்துத்தான் பேசுகிறாரா என்று கேட்டேன்.

"எல்லாந் தெரியுமுங்க. கட்டிலோட தூக்கியாந்து அவிய மொகத்தக் காட்டுனமுங்க. ஆனா கேமராவுல அந்தப் பச்ச லைட்டு எரியற வரைக்கும் பேசுவாருங்க."

உள்ளேயிருந்து பெரியவர், யார் வந்திருப்பது என்று கேட்டார். போய், மகனோடு வேலை பார்த்தவள் என்று சொன்னேன். நாளை முதல் இந்தக் கேமராவுக்கு இணைப்பு இருக்காது என்பதையும் சொன்னேன். அவர் கேமராவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"அந்தப் பக்கம் ஆராச்சும் இருந்தாங்களா கண்ணு?"

"மூணு நாளா நான் இருந்தேன் தாத்தா."

"அதுக்கு முன்னாடி?"

நான் கேமராவைப் பார்த்தேன். அவர் மெல்ல முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

மறுநாள் மொட்டை மாடிக் கருவியைக் கழற்றிவிட்டார்கள். அடுத்த வாரம் அந்த வீட்டுக்குத் தனியாக இன்டர்நெட் இணைப்பு வாங்க உதவினேன். கேமராவை மருமகளுடைய போனில் சேர்த்துக் கொடுத்தேன். கம்பெனியில் டீ நேரத்தில் எடுத்துப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்.

போன மாதம் அந்தப் பக்கம் போனபோது எட்டிப் பார்த்தேன். கேமரா நன்றாக வேலை செய்கிறதாம்.

"பேச்சுத்தான் இல்லீங்க. அன்னைக்கு நீங்க வந்துட்டுப் போனதுக்கப்பறம் மாமா கேமராகிட்ட ஒரு வார்த்த பேசறதில்லீங்க" என்றார். என்னைக் குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார்.

பார்க்கிறீர்களா என்று போனை என் பக்கம் நீட்டினார். நான் வாங்கவில்லை. பக்கத்து அறையில்தான் தாத்தா படுத்திருந்தார். உள்ளே போய் முகத்தைக் காட்டவும் எனக்குத் தைரியம் வரவில்லை.