கூறைத்தட்டால் விழுந்த அடி

என் கல்யாணப் பந்தலில் முதலில் உடைந்தது தேங்காய் இல்லை, மாப்பிள்ளையின் தகப்பனுடைய பல். உடைத்தவர் என் அம்மாவின் தம்பி, எனக்கு அம்மான். அந்த மனுசனை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கை துறுதுறுக்கும்.

அம்மானுக்குக் கொழும்பு புறக்கோட்டையில் பட்டுச்சீலைக் கடை. இந்தியச் சீலைகள் தடையில்லாமல் வந்திறங்கத் தொடங்கிய எழுபதுகளின் கடைசி அது. கண்ணாடி அலுமாரிகள், குளிர் மெஷின், காரில் வந்திறங்கும் சீமாட்டிகள் என்று கடையின் கோலமே மாறியிருந்தது. நயினாதீவில் எங்கள் சொந்தத்துக்குள் யாரும் சொல்லாத சட்டம் ஒன்று இருந்தது. பொம்பிளைக்குக் கல்யாணக் கூறைச்சீலை எடுப்பது மாப்பிள்ளை பகுதிதான். ஆனாலும் அவர்கள் அம்மான் கடையில்தான் எடுக்க வேண்டும். வேறு கடைக்குப் போனால் அவர் முகத்தில் காறித் துப்பியதற்குச் சமம்.

எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. செவ்வாய்க் குற்றம். வந்த சம்பந்தமெல்லாம் சாதகத்தைப் பார்த்ததும் திரும்பிப் போயின. பொருந்தி வந்தவர் புங்குடுதீவு மாப்பிள்ளை ஒருவர்தான். எனக்கு அவரைப் பிடித்தும் இருந்தது. இதுவும் போனால் இனி இல்லை என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

மாப்பிள்ளையின் தமக்கை கொழும்பில் வசதியாக வாழ்ந்தவ. புறக்கோட்டை நெரிசலுக்குள் கால் வைக்க மாட்டாவாம். கொள்ளுப்பிட்டியில், கதவு திறந்துவிடவே ஓர் ஆள் நிற்கிற கடை ஒன்றில் பொம்மைக்கு உடுத்தியிருந்த சீலையைக் கழற்றுவித்து வாங்கினா. எங்களுக்கு ஒரு சொல் சொல்லவில்லை.

ஐயர் தாலியும் கூறையும் வைத்த தட்டைச் சபைக்கு அனுப்பினார். பெரியவர்கள் தொட்டுத் தொட்டு வாழ்த்தினார்கள். தட்டு அம்மானிடம் வந்தது. அவர் யாவாரி அல்லவா, விரலால் உரசி, தலைப்பைத் திருப்பிப் பார்த்தார். கொள்ளுப்பிட்டிக் கடையின் பேர்த்துண்டு அதில் தைத்திருந்தது.

"இது ஆரின்ர கடைச் சீலை?"

மாப்பிள்ளையின் தகப்பன் சிரித்துக்கொண்டே சொன்னார். "நல்ல கடையில எடுத்தனாங்கள். உம்மட கடையில இப்பிடிச் சாமான் கிடைக்குமோ?"

அம்மான் அந்தத் தட்டாலேயே அவர் வாயில் அடித்தார். தாலி எங்கோ தெறித்தது. மாப்பிள்ளையின் தம்பி கதிரையைத் தூக்கி அம்மானுக்கு ஓங்க, குறுக்கே போன அப்பாவின் கை முறிந்தது. தமக்கை என் அம்மாவின் கொண்டையைப் பிடித்து இழுத்தா. அம்மான் சீலையின் ஒரு முனையை மிதித்துக்கொண்டு மறுமுனையை இழுத்துக் கிழித்தார். நான் மணவறையிலிருந்து எழும்பி ஓடிப்போய், "விடுங்கோ அம்மான், என்ர வாழ்க்கை" என்று அவர் கையைக் கடித்தேன். அவர் என்னை உதறித் தள்ளினார்.

திரும்பிப் பார்த்தேன். மாப்பிள்ளை தலைப்பாகையைக் கழற்றி மணவறையில் வைத்துவிட்டு, இரத்தம் ஒழுகிய தகப்பனைத் தாங்கிக்கொண்டு துறைக்கு நடந்தார். என்னை ஒருதரமும் பார்க்கவில்லை. அவர்களை ஏற்றிக்கொண்டு லோஞ்சுப் படகு போய்விட்டது.

கிழிந்த சீலையை நான்தான் மடித்தேன். மடிப்புக்குள் மறைந்திருந்த உள்தலைப்பின் மூலையில் ஊதாப் பென்சிலால் மூன்று எழுத்துகள். விலையை இலக்கத்தில் போடாமல் தங்களுக்கு மட்டும் விளங்கும் எழுத்தில் போடுவது எங்கள் தீவு யாவாரிகளின் வழக்கம். இது அம்மான் கடை எழுத்து, எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அது தெரியும். அவர் மொத்தமாகக் கொடுத்த சீலையைத்தான் அந்தக் கொள்ளுப்பிட்டிக் கடை வாங்கி, தன் பேர்த்துண்டைத் தைத்து விற்றிருக்கிறது. பாவி மனுசன், தன்னுடைய சீலையைத் தானே கிழித்து என்னை நாசமாக்கிவிட்டார்.

அம்மான் அதற்குள் கடைக்குத் திரும்பியிருந்தார். அப்பாவின் கைக்குக் கட்டுப் போட்ட கையோடு நானும் கடல் கடந்து கொழும்புக்குப் பஸ் ஏறினேன். கடை நிறையச் சீமாட்டிகள். அவர்களுக்கு விரித்திருந்த பட்டுகளின் மேல் என் கிழிந்த கூறையைப் போட்டு, எழுத்தைக் காட்டினேன்.

"வாசியுங்கோ, அம்மான்."

வாசித்தார். முகம் வெளிறிப்போனது. கையில் என் பல் பதிந்த காயம் இன்னும் ஆறவில்லை. சீமாட்டிகளைப் பார்த்தார், பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"நல்ல ஆள் இருக்கு, பிள்ளை. கிழிசல் தெரியாமல் தைச்சுத் தாறன்."

துணி அளக்கிற இரும்புக்கோல் பக்கத்தில் கிடந்தது. எடுத்தேன். கடைசிக் கண்ணாடி உடையும்வரை அவர் என்னைத் தடுக்கவில்லை.