ஸ்டூல் மேல் நின்று சொன்ன மன்றாட்டு

ஸ்ரீராம்புரத்து மாதா கோயிலில், வாசக மேடைக்குப் பின்னால் ஒரு மர ஸ்டூல் இருந்தது. நீலப் பெயிண்ட், ஒரு கால் மட்டும் கொஞ்சம் ஆட்டம். மறைக்கல்வி டீச்சர் தன் வீட்டுச் சமையலறையிலிருந்து தூக்கி வந்தது. பெரியவர்களுக்காகச் செய்த மேடைக்குப் பின்னால் நின்றால் சின்னப் பிள்ளைகளின் தலையே தெரியாது.

டீச்சர் வாரநாள்களில் ஒரு கார்மெண்ட்ஸில் பட்டன் சரிபார்ப்பவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மாதத்தின் முதல் ஞாயிறு தமிழ்ப் பூசையில் மன்றாட்டுகளை ஆறேழு வயதுப் பிள்ளைகள்தான் சொல்ல வேண்டும், அதுவும் தாளைப் பார்க்காமல் சொந்த வார்த்தையில் என்று ஃபாதரிடம் மல்லுக்கட்டி அனுமதி வாங்கியிருந்தார். காணாமல் போன நாய்க்குட்டிக்காக வேண்டிய பிள்ளை உண்டு. குழாயில் தண்ணீர் வரவேண்டும் என்று வேண்டியதும் உண்டு. ஒவ்வொரு மன்றாட்டு முடிந்ததும் எல்லாரும் சேர்ந்து சொல்லும் பதிலைக் கோயில் சிரித்துக்கொண்டே சொல்லும். "ஸ்வல்ப சத்தமா சொல்லு கண்ணு, கடைசி பெஞ்சுக்கும் கேக்கணும்" என்பார் டீச்சர், கன்னடம் கலந்த தமிழில்.

என் முறை வந்தபோது எனக்கு ஏழு வயது. நோயாளிகளுக்காக வேண்டிக்கொள் என்று அம்மா சொல்லி அனுப்பியிருந்தார். ஸ்டூலில் ஏறினேன். மைக்கில் என் மூச்சே பெரிதாகக் கேட்டது. "எங்க அப்பா வேற வீட்டுக்குப் போயிட்டாரு. அவரு திரும்பி வரணும்" என்று சொல்லிவிட்டேன்.

தெருவுக்கே தெரிந்த விஷயம்தான். ஆனால் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. கோயிலில் ஒருவர்கூடப் பதில் சொல்லவில்லை. அம்மா முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். நான் ஸ்டூலிலிருந்து இறங்கப் பார்த்தேன். அப்போது முதல் பெஞ்சிலிருந்து டீச்சரின் குரல் மட்டும் தனியாக எழுந்தது: "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்." அதன் பிறகுதான் மற்றவர்கள் முணுமுணுத்தார்கள்.

"மைக் வச்சு மானத்த வாங்கிட்டியேடி" என்று அம்மா வழியெல்லாம் அழுதார். அடுத்த வாரத்திலிருந்து எங்களை யாருக்கும் தெரியாத வேறொரு கோயிலுக்கு, கன்னடப் பூசைக்குப் போனோம். ஸ்ரீராம்புரத்தில் பிள்ளைகளின் கையில் அச்சடித்த தாளைக் கொடுத்துவிட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். என்னால் டீச்சருக்கு வந்த வினை அது. அப்பா வரவேயில்லை. ஒருநாள் போய் டீச்சரைப் பார்க்க வேண்டும் என்று வருடக்கணக்காக நினைத்தேன். அம்மா இறந்து, ஊருக்கு வெளியே ஹெப்பகோடியில் ஒற்றை அறையில் நான் மட்டும் என்றான பிறகும் நினைத்துக்கொண்டேதான் இருந்தேன். போகவில்லை.

போன மாதம், டீச்சர் இறந்துவிட்டதாக வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. அடக்கப் பூசையில் பதினைந்து பேர்கூட இல்லை. வேலைநாள் காலை என்பதால் பிள்ளை ஒன்றுகூட இல்லை. "யாராவது மன்றாட்டு வாசிக்கிறீங்களா?" என்று இளம் ஃபாதர் தாளை நீட்டினார். நான் எழுந்து போனேன். மேடைக்குப் பின்னால் அதே ஸ்டூல், அதன்மேல் ஒரு பூச்சட்டி. தாளை மடித்து வைத்துவிட்டு, "எங்க டீச்சர நான் ஒரு தடவகூட வந்து பாக்கல. ஆண்டவரே, நீங்களாவது அவங்களத் தனியா விட்டுடாதீங்க" என்றேன்.

தாளில் இல்லாத வரி. எங்கே பதில் சொல்வதென்று யாருக்கும் தெரியவில்லை. முதலில் பதில் சொல்லக்கூடிய குரல் எனக்கு எதிரே பெட்டிக்குள் இருந்தது. ஸ்டூலின் ஆடும் காலில் என் பாதம் இடித்தது. பிறகு, கடைசி பெஞ்சுக்கும் கேட்கும்படி நானே சொன்னேன்: "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்."